ஒகேனக்கலுக்கு எப்போது போவது? போன தடவை செக்போஸ்ட்டோடு திரும்பினோம்

பெரம்பூர் லோகோ (வியாழன் இரவு 9:20)

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 68 வயது. ஊர் குளித்தலை. காவிரிக்கரையில் பிறந்து வளர்ந்தவர் என்றுதான் பேர், ஆனால் அவர் பார்த்த காவிரி முக்கால்வாசி மணல். "இந்த ஆறு விழுறதை ஒரு தடவை கண்ணால பார்த்துடணும்டா" என்று பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இரண்டு வருஷம் முன்னால் ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேன் பிடித்து, பதினொரு பேர், விடியற்காலை 3 மணிக்குப் பெரம்பூரை விட்டுக் கிளம்பினோம். பென்னாகரம் தாண்டி மடம் செக்போஸ்ட்டில் நிறுத்திவிட்டார்கள். "தண்ணி ஜாஸ்தி வருது, யாரையும் விடுறதில்ல, திருப்புங்க." வேன் ஏற்பாடு செய்த ஆளுக்கு இது முந்தின நாள் சாயங்காலமே தெரியுமாம். சொன்னால் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டி வரும் என்று வாயைத் திறக்கவில்லை. புளியமரத்தடியில் உட்கார்ந்து கட்டிக்கொண்டு போன புளியோதரையைச் சாப்பிட்டோம். அப்பளத்தைக் குரங்கு கொண்டுபோனது. வாணியம்பாடி வரும் வரைக்கும் அம்மா ஒன்றும் பேசவில்லை. அப்புறம் மெதுவாக, "ஆறு நிஜமாவே அங்க இருந்துச்சா?" என்று கேட்டார்.

இந்த முறை ஏமாற முடியாது. எந்த மாதம் போனால் தண்ணீரும் இருக்கும், உள்ளேயும் விடுவார்கள்? அம்மாவுக்கு முட்டி வலி உண்டு. ரயிலில் போக வழி இருக்கிறதா?

சைதை சைக்கிள் (வியாழன் இரவு 9:41)

ஆடி 18-க்குப் போங்க. காவிரித்தாய்க்குப் படையல், கூட்டம், கொண்டாட்டம், எல்லாம் இருக்கும்.

தகடூரான் (வியாழன் இரவு 10:15)

சைக்கிள் அண்ணே, முட்டி வலி அம்மாவை ஆடிப்பெருக்குக்கு அனுப்பாதீங்க, புண்ணியமாப் போகும்.

நான் தருமபுரிக்காரன். பதினாலு வருஷமா அம்பத்தூர். ஒகேனக்கல் எங்களுக்குச் சுற்றுலாத் தலம் கிடையாது. மொட்டை போட, காது குத்த, கருமாதி முடித்து முழுக, ஊருக்கு வந்த மாப்பிள்ளைக்கு மீன் வாங்கிக் கொடுக்க, எல்லாவற்றுக்கும் அங்கேதான். ஆடி 18 அன்றைக்கு மூன்று மாவட்டமும் அங்கேதான் நிற்கும். படித்துறையில் ஒரு ஆள் குனிந்து முகம் கழுவ இடம் கிடைக்காது. போதாததற்கு ஆடியில்தான் வெள்ளமும் வரும். பல வருஷம் ஆற்றில் இறங்கவே விடாமல் குழாய்த் தண்ணீரில் குளிக்க வைத்திருக்கிறார்கள்.

லோகோ, உங்கள் கேள்வியே கொஞ்சம் தப்பு. மாதத்தைக் கேட்காதீர்கள், கன அடியைக் கேளுங்கள். ஒரே ஆகஸ்ட் மாதத்தில் ஒரு வாரம் பரிசல் ஓடும், அடுத்த வாரம் பரிசல் துறையே தண்ணீருக்குள் போயிருக்கும். அங்கே மழை பெய்கிறதா என்று வானத்தைப் பார்ப்பதும் வீண். உச்சி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருக்கும்போதே செம்மண் நிறத்தில் வெள்ளம் வந்து இறங்குவதை நானே பார்த்திருக்கிறேன். மழை குடகிலும் வயநாட்டிலும் பெய்திருக்கும்.

காலையில் "பிலிகுண்டுலு நீர்வரத்து" என்று செய்தியில் ஒரு எண் வரும். எங்கள் வீட்டில் ராசிபலனுக்கு முன்னால் அதைத்தான் பார்ப்பார்கள்.

மதகு (வெள்ளி காலை 6:05)

தகடூரான் சொன்னதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். பாசனத் துறையில் 31 வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன். எண் என்றால் எனக்குக் கொஞ்சம் வாய் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காவிரி கர்நாடகத்தை விட்டு வரும் இடத்தில் பிலிகுண்டுலு என்ற ஊர் இருக்கிறது. மத்திய நீர்வள ஆணையம் அங்கே ஆற்றை அளக்கிறது. கர்நாடகம் தமிழகத்துக்கு எவ்வளவு விட்டது என்ற கணக்கே அந்த இடத்தை வைத்துத்தான். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் வருஷத்துக்கு 177.25 டிஎம்சி (ஒரு டிஎம்சி நூறு கோடி கன அடி) என்று தீர்ப்புச் சொன்னதே, அதை அளக்கும் இடமும் அதுதான். அதைத் தாண்டி வருவது ஒகேனக்கல். ஆகவே அருவியில் எவ்வளவு விழுகிறது என்று தெரிய அருவிக்கே போக வேண்டியதில்லை. பெரம்பூரில் காபி குடித்துக்கொண்டே தெரிந்துகொள்ளலாம்.

கன அடி என்பது ஒரு விநாடிக்கு எத்தனை கன அடி தண்ணீர் ஓடுகிறது என்ற கணக்கு. ஒரு கன அடி 28.3 லிட்டர். இப்படிச் சொன்னால் யாருக்கும் மனதில் நிற்காது. நம் ஊர் கணக்கில் சொல்கிறேன். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி தெருவுக்கு வருகிறது இல்லையா? 10,000 கன அடி என்றால் அந்த மாதிரி 23 லாரியை ஒரே விநாடியில் கவிழ்ப்பது. அடுத்த விநாடி இன்னொரு 23. 2024 ஜூலை கடைசியில் வரத்து ஒரு லட்சம் கன அடியைத் தாண்டியது. அப்போது அங்கே ஐந்தருவி, மெயின் அருவி என்று எதையும் பிரித்துப் பார்க்க முடியாது. பாறையெல்லாம் மூழ்கி, கரையிலிருந்து கரைக்கு ஒரே ஆறு. அருவி பார்க்கப் போனவனுக்கு அருவியே இருக்காது.

அந்த 177.25 டிஎம்சியை வருஷம் முழுக்கச் சீராகப் பரப்பினால் சுமார் 5,600 கன அடி வரும். ஆனால் ஆறு சராசரிக் கணக்குப்படி ஓடுவதில்லை. கோடையில் சில நூறுக்கு இறங்கும். கர்நாடகத்தின் கபினி அணையும் கிருஷ்ணராஜசாகர் (கேஆர்எஸ்) அணையும் நிரம்பி வழிந்தால் லட்சத்துக்குப் போகும். நிரம்பிய அணை மேலே வருவதை அப்படியே கீழே தள்ளும், அது இரண்டு மூன்று நாளில் ஒகேனக்கலுக்கு வந்துவிடும். ஆகவே "கேஆர்எஸ் நிரம்பியது" என்ற செய்தியைப் பார்த்தால் பெட்டியை மூட்டை கட்டாதீர்கள், பிரித்து வையுங்கள்.

இன்னொன்று. சென்னையில் நிறையப் பேர் "மேட்டூர் திறந்துட்டாங்க, ஒகேனக்கல்ல தண்ணி வந்திருக்கும்" என்கிறார்கள். மேட்டூர் கீழே இருக்கிறது. ஒகேனக்கலில் விழுந்த தண்ணீர் போய்ச் சேருமிடம் அது. தொட்டியின் அடிக்குழாயைத் திறந்தால் மேல்குழாயில் தண்ணீர் வருமா?

பெரம்பூர் லோகோ (வெள்ளி காலை 8:30)

மதகு சார், 23 லாரி கணக்கை அம்மாவிடம் சொன்னேன். எங்கள் தெருவுக்கு வாரத்துக்கு ஒரு லாரி வருவதற்கே சண்டை நடக்கும். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டு, "ஒரு நொடிக்கா?" என்று கேட்டார்.

சரி, எத்தனை கன அடி இருந்தால் போகலாம்?

மதகு (வெள்ளி காலை 8:52)

இதற்கு மேல் மூடு, இதற்குக் கீழ் திற என்று கல்லில் வெட்டிய எண் கிடையாது. குளியலையும் பரிசலையும் மாவட்ட நிர்வாகம் அன்றன்றைக்கு நிலைமையைப் பார்த்து நிறுத்துகிறது, அனுமதிக்கிறது. எண் எவ்வளவு என்பது ஒரு பக்கம், ஏறுகிறதா இறங்குகிறதா என்பது இன்னொரு பக்கம். நான் மூன்று நாள் எண்ணைச் சேர்த்துப் பார்ப்பேன். 12, 10, 8 ஆயிரம் என்று இறங்கிக்கொண்டிருந்தால் கிளம்பலாம். 4, 6, 9 என்று ஏறிக்கொண்டிருந்தால், அன்றைக்குத் திறந்தே இருந்தாலும் நான் போக மாட்டேன்.

குற்றாலப் பித்தன் (வெள்ளி பகல் 1:10)

சும்மா சொல்லக் கூடாது, ஒகேனக்கல் எனக்கு ஏமாற்றம்தான். "இந்தியாவின் நயாகரா" என்று எழுதியதை நம்பிப் போனேன். அதே பட்டத்தை அதிரப்பள்ளிக்கும் கொடுக்கிறார்கள், சத்தீஸ்கரில் இந்திராவதி ஆற்றில் இருக்கும் சித்திரக்கோட்டுக்கும் கொடுக்கிறார்கள். ஒரு நாட்டுக்கு எத்தனை நயாகரா? உயரம் பார்த்தால் ஆறேழு மாடி இருக்கும், அவ்வளவுதான். குற்றாலத்தில் அருவி தலையில் விழும், முதுகைத் தட்டிக் கொடுக்கும். இங்கே கம்பிக்குப் பின்னால் குளி என்கிறார்கள். அரை நாள் அருவியைத் தேடினேன். மீன் மட்டும் நன்றாக இருந்தது.

தகடூரான் (வெள்ளி பகல் 1:34)

பித்தன் அண்ணே, நீங்க அரை நாள் தேடினது உண்மைதான். ஏன்னா அது உங்க காலுக்குக் கீழே இருந்திருக்கும்.

குற்றாலத்தில் மலைமேலிருந்து தண்ணீர் இறங்கி வரும், நீங்க அடியில் நின்று அண்ணாந்து பார்ப்பீங்க. ஒகேனக்கலில் சமதளத்தில் பரந்து வரும் ஆறு, பாறை பிளந்த இடுக்குகளில் திடீரென்று உள்ளே விழுகிறது. ஒரு இடத்தில் விழுவதில்லை, பல பிரிவாகப் பிரிந்து ஆளுக்கொரு பள்ளத்தில் விழும். மேலே நின்றால் பாதிதான் தெரியும். மீதியைப் பார்க்க அந்தப் பள்ளத்துக்குள் பரிசலில் போக வேண்டும். இரண்டு பக்கமும் சுவர் மாதிரி பாறை, மேலே துண்டு வானம், எதிரே வெள்ளையாக ஒன்று கொட்டிக்கொண்டிருக்கும். அது எழுப்புகிற நீர்த்திவலைதான் புகை. கன்னடத்தில் ஹொகெ என்றால் புகை, கல் என்றால் கல்தான். புகையும் கல். பரிசல் ஏறாமல் திரும்பினீங்கன்னா புகையை மட்டும் பார்த்திட்டு வந்திருப்பீங்க.

குற்றாலப் பித்தன் (வெள்ளி பகல் 2:02)

பரிசல் ஏறவில்லைதான். நீச்சல் தெரியாது. பயம். ஒப்புக்கொள்கிறேன்.

சைதை சைக்கிள் (வெள்ளி பகல் 2:05)

ஒரு சந்தேகம். ஒகேனக்கல் நீர்வீழ்ச்சியா, அருவியா?

கல்லும் கதையும் (வெள்ளி மாலை 4:48)

சைக்கிள், அருவி என்று அழகான பழைய சொல் கையில் இருக்கிறது. நீர்வீழ்ச்சி என்பது பாடப் புத்தகம் மொழிபெயர்த்துக் கொடுத்தது. ஊர்க்காரர்கள் மெயின் அருவி, ஐந்தருவி, சினி பால்ஸ் என்று மூன்றையும் கலந்து பேசுவார்கள். சினிமாக்காரர்கள் வந்து எடுத்து எடுத்துத்தான் சினி பால்ஸுக்கு அந்தப் பேர்.

நான் பள்ளியில் நிலவியல் சொல்லிக் கொடுப்பவள். அங்கே போகும் எல்லோரும் தண்ணீரை மட்டும் பார்க்கிறார்கள், அது எனக்கு எப்போதும் வருத்தம். கல்லையும் கொஞ்சம் பாருங்கள். ஒகேனக்கல் பகுதியில் கார்பனடைட் என்ற அபூர்வமான பாறை இருக்கிறது. சாதாரணமாகப் பூமிக்குள்ளிருந்து உருகி வந்து இறுகிய பாறையில் சிலிக்கா அதிகமாக இருக்கும். இதில் சுண்ணாம்புக்கல்லில் இருப்பது போன்ற கார்பனேட்தான் பெரும்பகுதி. உருகி வந்த சுண்ணாம்பு என்று வைத்துக்கொள்ளுங்களேன். நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டால் சோடா மாதிரி நுரைக்கும். வயது சுமார் 240 கோடி ஆண்டு. உலகத்திலேயே பழமையான கார்பனடைட்டுகளில் ஒன்று.

இன்னொரு விஷயம், இதற்குப் படிப்பெல்லாம் வேண்டாம். தண்ணீர் குறைவாக இருக்கும் நாளில் பாறைமேல் வட்ட வட்டமாகக் குழிகள் தெரியும். சிலது கிண்ணம் அளவு, சிலது ஆள் இறங்கும் அண்டா அளவு. உள்ளே கையை விட்டுப் பாருங்கள், அடியில் உருண்டைக் கூழாங்கல் கிடக்கும். குழியைக் குடைந்த ஆயுதம் அதுதான். வெள்ளத்தில் சுழன்று சுழன்று பாறையை அரைத்து, தானும் உருண்டையாகிப் போன கல். உரலும் குழவியும் மாதிரி. என் மேசையில் அப்படி ஒரு கல் இருக்கிறது, பத்து வருஷம் முன்னால் எடுத்து வந்தது. இப்போது எடுக்க மாட்டேன், நீங்களும் எடுக்காதீர்கள்.

ராத்திரி ரயில் (வெள்ளி இரவு 8:15)

நல்ல உரல். ஆனால் அந்தக் குழிதான் ஆளைக் கொல்கிறது டீச்சர். வெள்ளத்தில் மேலே தண்ணீர் வழவழவென்று போகும், அடியில் குழி இருப்பது தெரியாது. என் சித்தப்பா பையன் கல்லூரிப் படிப்பு முடித்த வருஷம் நண்பர்களோடு போனான். குளிக்க விட்டிருந்த இடத்தை விட்டுவிட்டு, கூட்டம் இல்லை என்று கொஞ்சம் தள்ளிப் போய் இறங்கினான். முழங்கால் ஆழம்தான். அடுத்த எட்டில் கழுத்து. பரிசல்காரர் ஒருவர் துடுப்பை நீட்டிப் பிடித்து இழுத்தார். ஆள் பிழைத்துவிட்டான். இன்றைக்கும் கோயில் குளத்தில்கூட மூன்றாம் படியைத் தாண்ட மாட்டான்.

லோகோவின் ரயில் கேள்விக்கு: சென்னையிலிருந்து சேலம் வழியாகக் கோவைப் பக்கம் போகும் சில ரயில்கள் மொரப்பூரில் நிற்கும். அங்கே இறங்கித் தருமபுரிக்குப் பஸ். தருமபுரியிலிருந்து பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் சுமார் 45 கிலோமீட்டர், பஸ் அடிக்கடி உண்டு. பென்னாகரம் தாண்டியதும் மலை இறக்கம், கொண்டை ஊசி வளைவு வரும். வாந்தி வருகிறவர்கள் முன் சீட்.

மதகு (சனி காலை 5:50)

காரில் போனால் வேலூர், கிருஷ்ணகிரி, தருமபுரி. கிட்டத்தட்ட 350 கிலோமீட்டர். ஒரே நாளில் போய்த் திரும்புவது இருபது வயதுக்காரர்கள் வேலை. அம்மாவோடு போகிறவர் ஒரு ராத்திரி தருமபுரியிலோ அங்கேயோ தங்கவும்.

அயனாவரம் அக்கா (சனி காலை 10:20)

ஆம்பளைங்க எல்லாரும் அணை, பாறை, ரயில்னு பேசிட்டீங்க. (டீச்சரைச் சொல்லவில்லை.) லோகோ தம்பி, அம்மா விஷயத்துக்கு வருகிறேன். நான் என் மாமியாரைக் கூட்டிக்கொண்டு போனவள். அவருக்கு 72.

பஸ் நிற்குமிடத்திலிருந்து அருவிப் பக்கம் நடக்க வேண்டும். தரை ஈரம், எண்ணெய்ப் பிசுக்கு. ஏன் எண்ணெய் என்றால், அங்கே வரிசையாக மசாஜ்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள். பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு "வாங்க சார், தலைக்குத் தட்டிவிடுறேன்" என்பார்கள். உச்சியில் ஒரு கை எண்ணெய் வைத்து இரண்டு கையாலும் தட்டுவார்களே, அந்தச் சத்தம் அருவிச் சத்தத்தையும் தாண்டிக் கேட்கும். என் வீட்டுக்காரர் முகத்தைச் சுளித்துக்கொண்டு போய் உட்கார்ந்தார், முக்கால் மணி நேரம் எழுந்திருக்கவில்லை. எழுந்தபோது குழந்தை மாதிரி ஆகிவிட்டார். ஆக, ரப்பர் செருப்பு வேண்டாம், பின்பக்கம் வார் வைத்த பிடிப்பான செருப்பு போடுங்கள். உடை மாற்ற அறை இருக்கிறது, விடுமுறை நாளில் வரிசை நிற்கும். மாமியார் தலைக்கு மேல் தண்ணீர் விழக் கூடாது என்று டாக்டர் சொன்னதால் ஓரத்தில் படியில் உட்கார்ந்து காலை மட்டும் நனைத்தார். அதுவே போதும் என்றார்.

பரிசலுக்குத் தனித் துறை, தனி டிக்கெட். கட்டணம் எழுதின பலகையைப் படியுங்கள். எங்களிடம் ஒருவர் தனியாக வந்து, "துறை வேண்டாம்மா, வேற வழியா கூட்டிட்டுப் போறேன், கம்மி காசு" என்றார். போகவே போகாதீர்கள். பாதுகாப்பு உடை இல்லாமல் ஏற்றுவார்கள்.

ஏறுவதுதான் கஷ்டம். பரிசல் என்பது பெரிய மூங்கில் கூடை, அடியில் தார் பூசின தாள். முன்னெல்லாம் தோல் போர்த்துவார்களாம். நடுவில் கால் வைக்க வேண்டும், ஓரத்தில் வைத்தால் கவிழ்க்கப் பார்க்கும். உட்கார்ந்த பிறகு பயமே இல்லை. முட்டி மடக்க முடியாது என்று முதலிலேயே பரிசல்காரரிடம் சொன்னால் காலை நீட்ட இடம் பார்த்து உட்கார வைப்பார். ஆனால் நடுவில் கொண்டுபோய்ச் சுழற்றுவார்கள், பொழுதுபோக்கு என்று. "சுத்த வேண்டாம்ணே" என்று ஏறும்போதே சொல்லிவிடுங்கள். எங்கள் ஆள் சொல்லியும் ஒரு சுற்று சுற்றினார். மாமியார் திட்டின திட்டில் மறுபடி சுற்றவில்லை.

மீன்முள் (சனி காலை 11:00)

மூன்று நாளாகப் பொறுத்துப் பார்த்தேன், யாரும் மீனைப் பற்றி ஒழுங்காகப் பேசவில்லை. பித்தன் ஒரு வரி சொன்னார், வாழ்க.

கேளுங்கள். ஓட்டலுக்குள் போகாதீர்கள். மீன் கடையில் நீங்களே மீன் தேர்ந்தெடுங்கள். கட்லா, ரோகு, கெளுத்தி, வாளை, அன்றைக்கு என்ன வந்ததோ அது. அங்கேயே வெட்டிக் கழுவித் தருவார்கள். பக்கத்தில் அடுப்பு வைத்துக்கொண்டு அக்காமார்கள் இருப்பார்கள். மீனையும் எண்ணெயையும் கொடுத்தால் கூலிக்குச் சமைத்துக் கொடுப்பார்கள். குழம்பு வேண்டுமா, வறுவல் வேண்டுமா, சோறு எத்தனை பேருக்கு என்று சொல்லிவிட்டு நீங்கள் குளிக்கப் போகலாம்.

நான் குளிக்கப் போகாமல் ஒரு அக்கா சமைப்பதை உட்கார்ந்து பார்த்தேன். மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, பூண்டு தட்டிப் போட்டாள், அவ்வளவுதான். கடைசியில் தக்காளியைக் கையாலேயே பிசைந்து குழம்புச் சட்டியில் விட்டாள், கத்தி எடுக்கவில்லை. "தேங்காய் போட மாட்டீங்களாக்கா?" என்று கேட்டேன். "மீன் செத்து மூணு நாள் ஆனாத்தான் தேங்காய் வேணும்" என்றாள். காசிமேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறவன் நான், பதில் சொல்லத் தெரியவில்லை.

சைதை சைக்கிள் (சனி பகல் 12:30)

எல்லாம் சரி, மேலே மேகதாதுல கர்நாடகா அணை கட்டிட்டா இதெல்லாம் இருக்குமா? அங்கேதானே

ராத்திரி ரயில் (சனி பகல் 12:41)

இருக்கும், செய்தித்தாளில். கட்டினால் ஒகேனக்கலில் அருவி வருமா வராதா என்று மேலே ஒருத்தர் சாவி வைத்துக்கொண்டு

நெறியாளர் (சனி பகல் 1:15)

இதற்குக் கீழே வந்த பதினேழு பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். காவிரி வழக்குப் பேச்சு அங்கே. இங்கே லோகோவின் அம்மா அருவி பார்க்கட்டும்.

மதகு (சனி மாலை 5:30)

நெறியாளருக்கு நன்றி. நான் எழுதியதும் அந்தப் பதினேழில் போய்விட்டது. ஒன்றை மட்டும் இங்கே திரும்பப் போடுகிறேன், இது வழக்கு இல்லை, குழாய்.

ஒகேனக்கல் சுற்றிப் பார்க்கும் இடம் மட்டும் இல்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். சிறு வயதிலேயே பல் பழுப்பேறி, எலும்பு பாதித்தவர்கள் அங்கே நிறைய. ஜப்பான் கடனுதவியில் ஒகேனக்கலில் இருந்து தண்ணீர் எடுத்துச் சுத்திகரித்து இரண்டு மாவட்டத்துக்கும் கொடுக்கிறார்கள். 2013-இல் தொடங்கி வைத்த கூட்டுக் குடிநீர்த் திட்டம் அது.

சென்னைக்கு வருவோம். அருவியில் விழுந்த தண்ணீர் மேட்டூர் போகிறது. அங்கிருந்து திறந்துவிட்டது முக்கொம்பில் பிரிந்து, கொள்ளிடம் வழியாகக் கீழணை போய், வடவாற்றில் திரும்பி, வீராணம் ஏரியில் சேர்கிறது. வீராணத்திலிருந்து குழாய் போட்டு 2004 முதல் சென்னைக்குத் தண்ணீர் வருகிறது. திட்டத்தின் அளவு நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர். சும்மா கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒகேனக்கலில் 10,000 கன அடி ஓடினால் அந்த 18 கோடி லிட்டரும் அருவியைக் கடக்க பதினொரு நிமிடம்கூட ஆகாது. நம் ஊருக்கு ஒரு நாள் முழுக்க வீராணத்திலிருந்து வருவது, மீன்முள்ளின் அக்கா ஒரு சட்டி மீன் வறுக்கும் நேரத்தில் அங்கே விழுந்து போய்விடும்.

லோகோ வீட்டுக் குழாயில் வருவது எந்தத் தண்ணீர் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. புழல், பூண்டி, கடல்நீர் எல்லாம் கலந்துதான் வரும்.

தகடூரான் (ஞாயிறு காலை 7:10)

லோகோ, மூன்று நாளாக வரத்து இறங்குமுகம். ஊரில் மாமாவிடம் கேட்டேன். பரிசல் ஓடுகிறதாம், குளிக்க விடுகிறார்களாம். வார நாளில் போங்க. கிளம்புகிற அன்றைக்குக் காலையிலும் ஒரு தடவை பாருங்க.

பெரம்பூர் லோகோ (அடுத்த வியாழன் இரவு 10:05)

போய்விட்டு வந்துவிட்டோம்.

செவ்வாய் ரயிலில் மொரப்பூர், ராத்திரி தருமபுரியில் தங்கல். புதன் காலை வரத்து எட்டாயிரம் கன அடி என்று போட்டிருந்தார்கள். மடம் செக்போஸ்ட் வந்ததும் அம்மா பேச்சை நிறுத்திவிட்டு சீட்டின் முன்கம்பியைப் பிடித்துக்கொண்டார். பஸ் நிற்காமல் போனது. "இதுதானே அது?" என்றார். அதுதான்.

முதலில் நடைபாதையிலிருந்து பார்த்தோம். பித்தன் சார் சொன்னது போலத்தான் இருந்தது. நிறையப் பாறை, நிறையச் சத்தம், எங்கே விழுகிறது என்று சரியாகத் தெரியவில்லை. அம்மா முகத்தில் கொஞ்சம் ஏமாற்றம். எனக்குப் பக்கென்றது. பரிசல் வேண்டாம் என்றுதான் வீட்டில் முடிவு செய்திருந்தோம். அம்மாவே, "அந்தக் கூடைல போனா கிட்டக்கத் தெரியுமா?" என்று கேட்டார்.

ஏற்றுவதற்கு இரண்டு பேர் பிடித்தார்கள். பரிசல்காரர் ஆரஞ்சு நிறப் பாதுகாப்பு உடையைப் புடவைக்கு மேல் மாட்டி, வாரை இழுத்துக் கட்டி, "ஆயா, காலை நீட்டுங்க" என்று என்னை ஓரத்துக்குத் தள்ளிவிட்டார். சுற்ற வேண்டாம் என்றேன். சுற்றவில்லை. துடுப்பு ஒன்றே ஒன்றுதான், அதை வலது இடது என்று மாற்றி மாற்றிப் போட்டு அவர் அந்தக் கூடையை நேராக ஓட்டுவதே பெரிய வித்தை. பாறைச் சுவருக்குள் போனதும் வெயில் நின்றுவிட்டது. சில்லென்று இருந்தது. தகடூரான் சொன்ன துண்டு வானம். ஒரு திருப்பம் திரும்பினால் எதிரே கொட்டுகிறது. திவலை முகத்தில் அடித்து அம்மாவின் கண்ணாடி முழுக்கப் புள்ளி புள்ளியாகத் தண்ணீர். துடைத்துக்கொள்ளும்மா என்றேன். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். கண்ணாடி இல்லாமல் அம்மாவுக்கு பத்தடி தூரம்கூடத் தெளிவாகத் தெரியாது. அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். பரிசல்காரர் துடுப்பை மெதுவாகப் போட்டு அங்கேயே நிறுத்தி வைத்திருந்தார். எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை.

திரும்பும் வழியில் இன்னொரு பரிசல் ஒட்டி வந்து முறுக்கு, பிஸ்கட் விற்றார்கள், ஆற்று நடுவில் பெட்டிக்கடை. மீன் கட்லா. குழம்பு அக்காவிடம் தேங்காய் பற்றி நானும் கேட்டுப் பார்த்தேன், முறைத்தார். டீச்சர் சொன்ன குழிகளை ஓரத்தில் பார்த்தோம். கூழாங்கல் இருந்தது, எடுக்கவில்லை.

ஒரு குறை. கரை ஓரம் முழுக்க ஷாம்பு பாக்கெட். குளிக்கிறவர்கள் கிழித்துக் கிழித்து அங்கேயே போடுகிறார்கள். பாறை இடுக்கில் மீன் மொய்க்கிறது என்று குனிந்து பார்த்தேன், எல்லாம் பாக்கெட்.

அம்மா ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் பிடித்து வந்திருக்கிறார். பிரிட்ஜில் தோசை மாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. யாரும் தொடக் கூடாதாம்.

அயனாவரம் அக்கா (வியாழன் இரவு 10:30)

முட்டி எப்படி இருக்கு?

பெரம்பூர் லோகோ (வியாழன் இரவு 10:32)

நேற்று ராத்திரி முழுக்க வலி அக்கா. அடுத்த தடவை ஐந்தருவிப் பக்கம் போகணுமாம்.

குற்றாலப் பித்தன் (வியாழன் இரவு 11:15)

தகடூரான், உங்கள் மாமா நம்பர் வேண்டாம். அந்தக் காலை எண்ணை மட்டும் நாளைக்கு இங்கே போடுங்கள். நீச்சல் தெரியாதவன் எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்று அக்காவும் சொன்னால் நன்றாக இருக்கும்.

அயனாவரம் அக்கா (வியாழன் இரவு 11:20)

நடுவுல.